போணிக்கு வருகிறவன் பேசக் கூடாது

துறைமுக ரோட்டில் எவன் புதுக்கடை திறந்தாலும் முதலில் என் கையைத்தான் கேட்டு வருவான். கடைக்கு இடம் பிடிப்பதற்கு முன்னால் என்னைப் பிடித்துவைத்தவர்களும் உண்டு. அண்ணாச்சி கையால் முதல் போணி ஆனால் கடை நிற்கும் என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை. பஞ்சர் கடைக்காரரும் கூப்பிட்டிருக்கிறார், மூன்று மாடித் துணிக்கடைக்காரரும் கூப்பிட்டிருக்கிறார். ஹோமம் வளர்த்த கடைக்கும் போயிருக்கிறேன், பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்த கடைக்கும் போயிருக்கிறேன், பாத்திஹா ஓதிய கடைக்கும் போயிருக்கிறேன். சாமி மாறும். கை என்னுடையதுதான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆற்றங்கரை ஊரில் மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இன்னொருத்தன் வயலில் நாற்றுக் கட்டு சுமந்து, அது பிடிக்காமல் தூத்துக்குடிக்கு லாரி ஏறி வந்தவன் நான். லாரிக்காரர்கள் கிழிசல் என்று தூக்கிப்போட்ட தார்ப்பாயைப் பொறுக்கி, கோணி ஊசியால் ஒட்டுப் போட்டு, தோளில் சுமந்துகொண்டு துறைமுக வாசல் வரிசையில் லாரி லாரியாக நடந்து விற்றேன். இன்றைக்கு இந்த ரோட்டில் தார்ப்பாய், கயிறு, கொக்கி என்றால் என் கடைதான். மாடியில் நின்று பார்த்தால் போகிற லாரியில் பாதி என் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டுதான் போகும். படித்தவன் எவனாவது இதைச் செய்திருக்கிறானா, காட்டுங்கள்.

கைராசி வந்த கதை சின்னதுதான். அந்தக் காலத்தில் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் ஒருவர் டீக்கடை போட்டார். தார்ப்பாயோடு போய்க்கொண்டிருந்த நான் முதல் டீயைக் குடித்தேன். அவர் பிறகு ஓட்டல் வைத்து, லாட்ஜ் கட்டி, பெரிய ஆளாகிவிட்டார். கேட்கிறவர்களிடமெல்லாம், "எல்லாம் அந்தத் தார்ப்பாய்க்காரன் கை" என்று சொன்னார். அவர் பிழைத்ததற்கு என் கை காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கடை போடுவதற்கு முன்னால் அந்த மனுசர் வாசல் எதிரே வேப்பமரத்தடியில் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தார். எந்த ஷிப்ட் எப்போது விடுகிறது, எந்த வாசல் வழியாக ஆள் வருகிறான், வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெறும் தரையில் உட்கார்ந்து பார்த்தவர் நாற்காலி வாங்கினார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கைராசி என்று ஊர் சொல்லும்போது வேண்டாம் என்று மறுக்க நான் என்ன கோட்டிக்காரனா?

போணி பண்ணுகிறவனுக்கு ஒரு முறை இருக்கிறது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டிப் போக வேண்டும். கொடுத்ததை வாங்க வேண்டும். விலை பேசக் கூடாது. வாங்கிய பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். முக்கியமாக, குறை என்று ஒரு சொல் வாயிலிருந்து வரக் கூடாது. நல்ல நாளில் விழுந்த சொல் கடைக்குள்ளேயே தங்கிவிடும் என்பார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. திறக்கிற நாள் வரைக்கும் எங்கே கடை, என்ன கடை என்று ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்ணு பட்டுவிடும். அட்வான்ஸ் கொடுத்ததைத் தம்பியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆக, திறப்பதற்கு முன்னால் யோசனை சொல்லவும் ஆள் இல்லை. திறந்த அன்றைக்கு, தெரிந்தவன் பேசவும் கூடாது. எங்கள் ஊரில் கடைகள் விழுவதற்கு மற்ற காரணமெல்லாம் இதற்குப் பிறகுதான் என்பேன்.

என் வீட்டில் மரப் பீரோ ஒன்று இருக்கிறது. என் மனைவி பட்டுச் சேலை வைத்திருந்த பீரோ. அவள் போன பிறகு சேலைகளை மருமகள்கள் எடுத்துக்கொண்டார்கள். மூத்தவன் சென்னையில், இளையவன் கனடாவில். காலியான பீரோவில் நான் போணியில் வாங்கியவற்றை வைத்தேன். ஓடுகிற கடையில் வாங்கியது எதுவும் அதில் இல்லை. அதெல்லாம் பயன்பட்டுத் தேய்ந்துவிடும். மூடிய கடைகளில் வாங்கியதுதான் எப்படியோ பயன்படாமல் அங்கே சேர்ந்திருக்கிறது.

கண்ணாடி மீன் தொட்டி ஒன்று. வண்ண மீன் விற்க ஒருவன் கடை போட்டான். நீல விளக்கு, சுவர் முழுக்கக் கண்ணாடி, தண்ணீர் குமிழி விடுகிற பொம்மை என்று கையில் இருந்ததையெல்லாம் கடைக்குள் கொட்டிவிட்டான். திறப்பு விழாவுக்கு வந்த கடற்கரை ஆட்கள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஏலே, இது கொழம்புக்கு ஆகுமா, பொரிக்கத்தானா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முதல் வாங்கல் மீன் செத்ததும் இரண்டாவது வாங்கலுக்கு அவன் கையில் ஒன்றும் இல்லை. நீல விளக்கு மட்டும் கொஞ்ச நாள் எரிந்தது.

தலைக்கவசம் ஒன்று இருக்கிறது. எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. போலீஸ் ரோட்டில் நின்று பிடித்துக்கொண்டிருந்த மாதத்தில் அந்தக் கடையைத் திறந்தான். பிடிப்பது நின்றது, விற்பதும் நின்றது. பக்கத்திலேயே ஒரு குழந்தைக் கவுன், இளஞ்சிவப்பு. அது மாதா கோயில் திருவிழா சமயத்தில் திறந்த கடை. கொடியேற்றிய நாளிலிருந்து தேர் வரைக்கும் கோயில் தெருவில் தலை தலையாகக் கூட்டம். வருசம் பூரா இப்படித்தான் என்று நினைத்து மேலும் மேலும் சரக்கு இறக்கினான். தேர் நிலைக்கு வந்த மறுநாள் தெருவில் நானும் அவனும் ஒரு நாயும்தான். கவுனும் தலைக்கவசமும் ஒரே வியாதியில் செத்தவை. வெயில் அடிக்கிற அன்றைக்குக் கருவாடு காயப்போட்டுவிட்டு, மழையே வராது என்று நம்புகிற வியாதி.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அந்தக் கடைக்காரன் நல்லவன். கல்லாவில் உட்காராமல் ஊர்க்காரியம் பார்த்துக்கொண்டே இருந்தான், கல்லா வேறொருவனிடம் இருந்தது. விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் அந்தந்த நாள் காலையிலேயே நான் பார்த்துவிட்டேன். சட்டைப் பையில் கை விடும்போதே, இது தேறும், இது தேறாது என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு, வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். மறுநாள் யாராவது வந்து, "அண்ணாச்சி, என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார்களா என்று பார்ப்பேன். ஒருத்தரும் கேட்டதில்லை. கை வேண்டும், வாய் வேண்டாம்.

என் சொந்தக் கடையிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. கணக்கு வழக்கெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. நான் மாடியிலிருந்து இறங்கி வந்தால் வேலையாட்கள் எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்கிறவன் பேச மாட்டான். கொஞ்ச நேரம் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போய்விடுவேன். கனடாக்காரன் போனில், "அப்பா சாப்பிட்டாச்சா?" என்பான். ஆச்சு என்பேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் மதியம் மட்டும் எனக்குப் பேச்சுத் துணை இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தோணித் துறைக்குப் போகிற சந்தில் ஒரு கடற்கரைக்கார அம்மாள், புருசன் இல்லாதவள், வீட்டு முன்னறையில் மீன் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருசன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற தோணியில் வேலை பார்த்து, உடம்பு கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். அறையில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. பின்னால் குசினி, சமையல்கட்டை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தோணி வேலைக்காரர்களும் எடைமேடை கிளார்க்குகளும் சாப்பிட்டுப் போன பிறகு, கடைசி ஆளாக நான் போவேன். எனக்கு விளமீன் தலையை எடுத்து வைத்திருப்பாள். நான் சாப்பிடும்போது வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே என்னைத் திட்டுவாள். என்னைத் திட்டுகிற ஒரே ஆள் அவள்தான்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு உப்பு கம்மி?" என்று ஆரம்பிப்பேன்.

"சுத்தி உப்பளமா கெடக்க ஊருல இருந்துக்கிட்டு உப்பு கம்மின்னு அழுத ஒரே ஆளு நீங்கதான் அண்ணாச்சி. நாக்கு செத்துப்போச்சின்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன்."

"எனக்கா நாக்கு செத்துப்போச்சி? நான் தோள்ல தார்ப்பாய் சுமந்த காலத்துல..."

"ஆரம்பிச்சிட்டிய. இன்னைக்கு எத்தன லாரி, எத்தன மைலு? ஒங்க வீட்டுல மீன் தொட்டி சும்மாதான கெடக்கு, அதுல மீனு வாங்கிவிட்டு அதுககிட்ட சொல்லுங்க. அதுகளுக்குக் காது கெடையாது."

உப்பு சரியாகத்தான் இருக்கும். எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அவளுக்கு ஒரு தம்பி. கப்பல்களில் சமையல்காரனாக ஊர் ஊராகப் போனவன். இனி கப்பல் ஏற மாட்டேன் என்று வந்து இறங்கினான். கொஞ்ச நாளில் அக்காளும் தம்பியும் சேர்ந்து, இரண்டு பேரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, என் மாடிக்கு வந்தார்கள். தாம்பாளத்தில் பழமும் மக்ரூனும். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணாச்சி கைதான் மொதப் போணி," என்றாள்.

"எங்கன கடை?"

"தொறைமுக ரோட்டுலதான். வந்து பாருங்களேன்." தம்பி உதட்டில் விரல் வைத்துச் சிரித்தான். "கண்ணு பட்டுரும் அண்ணாச்சி."

துறைமுக ரோடு நீளமான ரோடு. அதில் வாழ்கிற இடமும் உண்டு, சாகிற இடமும் உண்டு. ஷிப்ட் வாசல் பக்கமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தம்பி படியில் இறங்கிய பிறகு அவள் நின்றாள். "வீட்ட ஒத்திக்குக் குடுத்தாச்சி அண்ணாச்சி. கடைக்கு மேல ஒரு ரூம்பு இருக்கு, அங்கனயே இருந்துக்கிடுவோம். இது நின்னா நான் இங்கன கெடப்பேன். நிக்கலன்னா அவன் திரும்பக் கப்பலு, நான் திருப்பூரு. மக கூப்பிட்டுக்கிட்டேதான் கெடக்கா. அந்தத் தீப்பெட்டி வீட்டுல போயி, நான் யார்கிட்டப் பேச?"

நான் யாரிடம் பேச என்று நான் கேட்கவில்லை. "என் கை பட்டா நிக்கும், போ," என்றேன்.

திறப்பு நாளன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினேன். இறங்கியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஷிப்ட் வாசலும் இல்லை, பஸ் நிற்கிற இடமும் இல்லை. துறைமுகத்துக்குள் போக லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நடு இடம் அது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வழுவழுப்பான மேசைகள், சுவரில் கப்பல் படம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி முடித்தார். கடற்கரையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லா மேசையிலும் நிறைந்திருந்தார்கள். பிள்ளைகள் ஏசிக்குக் கீழே நின்று கையைத் தூக்கிக் கூத்தாடின. தம்பிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"பாத்தியளா அண்ணாச்சி, மொத நாளே எடமில்ல. வெளிய பாருங்க, எம்புட்டு லாரி! ஒரு லாரிக்கு ரெண்டு வயிறு. அம்புட்டுப் பேரும் நம்ம வாசல்லதான் நிக்கான்."

என்னை நடு மேசையில் உட்காரவைத்து இலை போட்டார்கள். அவளே சோறு வைத்தாள். விளமீன் தலையும் வைத்தாள். நான் சாப்பிட்டு, போணியைக் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். வரிசை ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்ந்தது. எல்லா லாரியும் உறுமி, ஒரு வண்டி நீளம் நகர்ந்து, நின்றது. அந்த வரிசையில் எத்தனை வருசம் வெயிலில் நடந்திருக்கிறேன். அதில் நிற்கிறவன் இறங்க மாட்டான். இறங்கினால் பின்னால் நிற்கிறவன் ஏறி முன்னே போய்விடுவான், இடம் போச்சு. ஓரமாகப் போட்டால் போலீஸ் விரட்டும். அதனால்தானே நான் தார்ப்பாயைக் கடையில் வைத்து விற்காமல் தோளில் சுமந்தேன்! அந்த ஒரு சங்கதிதான் என்னை இந்த ஆளாக ஆக்கியது. அது எனக்குத் தெரிகிற மாதிரி இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

சோற்றில் கை வைத்தேன். திருப்பூர் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"தம்பி, எடம் தப்பு," என்றேன். "அவன் வண்டிய விட்டு எறங்க மாட்டான்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, மொதல்ல சாப்பிடுங்க," என்றான் தம்பி, சிரிப்பு மாறாமல்.

"இன்னைக்கு உள்ள இருக்க கூட்டம் ஒன்னப் பாக்க வந்த கூட்டம்டே. நாளைக்கு யாரு வருவா? இந்த மேசையில ஈ ஆடும். அட்வான்ஸத் திரும்பக் கேளு. ஷிப்ட் வாசல் பக்கம்..."

"அண்ணாச்சி!" என்றாள் அவள்.

"ஏளா, நான் ஒன் நல்லதுக்குச் சொல்லுதேன்." தங்கச்சி என்கிற வாயில், ஏடி என்கிற மாதிரி அது வந்துவிட்டது.

"ஏளாவா? எத்தன பேரு முன்னால! நல்ல நாளும் பொழுதுமா, சாமியாரு இன்னும் படி எறங்கல. ஒங்கள வாயாலயா போணி பண்ணக் கூப்பிட்டோம்?"

தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. "இவரு போணி பண்ண வேண்டாம். நான் ஒரு டிரைவரக் கூட்டியாந்து பண்ண வைக்கேன், பாருங்க," என்று கதவைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போனான். நாங்கள் எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலுக்கு நேராக நின்ற டிரைவரிடம் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டான். கதவு திறந்தே கிடந்ததால் அந்த டிரைவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"எறங்க முடியாதுண்ணே, பின்னால நிக்கவன் பூந்துருவான். சோறுன்னா பொட்டலமா இங்கன நீட்டு, காசு தாரேன்."

தம்பி அவனை ஏதோ திட்டிவிட்டு வந்தான். நான் பார்த்தாயா என்கிற மாதிரி அவளைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் என் முன்னால் இருந்த இலையை மடித்தாள். மீன் தலை உள்ளேயே இருந்தது.

"நீங்க எந்திரிங்க அண்ணாச்சி. இனிமே சாப்பிட வர வேண்டாம்."

போணி பண்ணாமல் ஒரு கடையிலிருந்து நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்த்தேன்.

செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அண்ணாச்சிக்கு நாக்கு கருநாக்கு என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் ரோட்டில் ஒரு சலூன் திறந்தது, ஒரு ஜூஸ் கடை திறந்தது, ஒரு வளையல் கடை திறந்தது. யாரும் தாம்பாளம் தூக்கி வரவில்லை. வேட்டியைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். மதியத்துக்கு ஓட்டலிலிருந்து வாங்கி வரச் சொல்லிச் சாப்பிட்டேன். எந்த ஓட்டல் என்பதுகூட நினைவில்லை. சாம்பார் என்று ஒன்று இருந்தது.

சாயங்காலம் நடக்கப் போவதுபோல ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பேன். கண்ணாடிக்குள் மேசைகள் பளபளவென்று கிடக்கும். தம்பி ஏசிக்கு அடியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு ஏசியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான். அவள் குசினிப் பக்கமிருந்து எட்டிப் பார்ப்பாள். வெளியே வரிசை நகரும், நிற்கும். ஒருத்தனும் இறங்க மாட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க வாக்கு பலிச்சிருச்சே," என்று கயிறு வாங்க வந்த ஒரு லாரி முதலாளி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு எந்தக் கடைக்கு இப்படிச் சொல்லியிருந்தாலும் நான் மீசையைத் தடவியிருப்பேன். அன்றைக்கு, கணக்கு தப்பிப்போகட்டும் என்று இருந்தது. வாழ்க்கையில் என் கணக்கு ஒரே ஒரு தடவை தப்பலாம், அது இதுவாக இருக்கட்டும் என்று மேலே வந்து மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். 

இரண்டு பேரும் ஊரை விட்டுப் போகப் போவதாகவும், மேசைகளை விற்க ஆள் தேடுவதாகவும் ஒரு நாள் கீழே வேலையாட்கள் பேசிக்கொண்டார்கள். நான் இறங்கியதும் எழுந்து நின்றுவிட்டதால் மேற்கொண்டு தெரியவில்லை.

அதற்கு அடுத்து வந்த ஒரு மதியம் மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். வரிசை அன்றைக்கு என் கடை வரைக்கும் நீண்டிருந்தது. கடைசி லாரிக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை, இடுப்பில் பெரிய பிளாஸ்டிக் கூடை. அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்கிறாள். மேலேயிருந்து ஒரு கை நீளுகிறது. பொட்டலம் மேலே போகிறது. அடுத்த லாரி. அதற்கு அடுத்த லாரி. வெயிலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, நான் நடந்த அதே ஓரத்தில், நான் நடந்த மாதிரியே நடந்தாள். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கனடாவுக்குப் போன் போட்டேன். அங்கே எல்லாரும் தூங்குகிற நேரம்.

சில நாளில் தம்பி வண்டியில் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு வரிசையின் மறுமுனைக்குப் போக ஆரம்பித்தான். டிரைவர்கள் போனில் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். கிளீனர்கள் சுத்துப்பட்டு ஊரெல்லாம் பெயர் சொன்னார்கள். பொட்டலம் கட்ட நாலைந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கடை நின்றுவிட்டது. என் கை படாமல் நின்ற கடை இந்த ரோட்டில் அது ஒன்றுதான்.

தாம்பாளம் வரும் என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. சரி, பெரியவன் நான்தானே என்று ஒரு மதியம் நானே போனேன். கண்ணாடிக் கதவைக் கழற்றியிருந்தார்கள். மேசைகள் இருந்த இடத்தில் பெரிய அண்டாக்கள், அடுக்கு அடுக்காக வாழை இலை, நூல்கண்டு. பெண்கள் தரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சோற்றை அளந்து போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க அண்ணாச்சி," என்றாள். கோபம் இல்லை. கை மட்டும் நிற்கவில்லை.

"நான் சொன்னேம்லா?" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீங்க சொன்னதுக்காவ இல்ல. அந்த டிரைவர் சொன்னதுக்காவ."

"அவனுக்கு முந்தியே நான் சொன்னேன்!"

"நீங்க, எறங்க மாட்டான், ஈ ஆடும்னிய. அவன், பொட்டலமா நீட்டுன்னான். ரெண்டும் ஒண்ணா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, "ஏளா, அந்தக் கொழம்பு வாளிய இங்கிட்டுத் தள்ளு," என்றாள் வேலைக்காரப் பெண்ணிடம்.

யோசித்துப் பார்த்தால் ஒன்று இல்லைதான். ஆனால் அதை அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? "திருப்பூருக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"எங்க போவ? மூச்சு விட நேரமில்ல. மக இங்க வாரேங்கா, லீவுக்கு."

"அப்ப எனக்கு ஒரு எல போடு."

அவள் முதல் தடவையாகக் கையை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். "எங்கன போட? மேசையெல்லாம் குடுத்தாச்சே. பொட்டலம் தாரேன், வீட்டுல வச்சி நிம்மதியா சாப்பிடுங்க."

மறுநாள் பீரோவிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கும் ஒரு பயன் வந்ததே என்று சந்தோசம். சுவர் ஓரமாகப் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் பிரித்தேன். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாளியோடு வந்தவள், "அண்ணாச்சி, கொஞ்சம் காலை..." என்றாள். இலைக்கட்டோடு வந்தவன், "அண்ணாச்சி, இந்தால தள்ளி..." என்றான். நான் தள்ளித் தள்ளி வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் உள்ளே அண்டாவுக்கும் அடுப்புக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தாள். அந்தக் கடைக்கு உட்காருகிற வாசற்படி இல்லை. வண்டி ஏற வசதியாகச் சரிவு போட்டுவிட்டார்கள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது தினமும் மதியம் தம்பி வரிசைக்குப் போகிற வழியில் என் மாடிப்படிக் கம்பியில் ஒரு பொட்டலத்தைத் தொங்கவிட்டு, ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். நானும் சும்மா தின்ன மாட்டேன்; அவர்கள் கடை வாசலில் போட்ட கூரைக்கு என் கடையின் முதல் தரத் தார்ப்பாயை விரித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ஊரில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போது கீழே வரிசையில் டிரைவர்களும் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு லாரியிலும் ஒரு தலை குனிந்திருக்கும். அவர்கள் பொட்டலத்தில் சாளை மீனோ பாறை மீனோ இருக்கும். என்னுடையதில் விளமீன் தலை.

ஒரு நாள் வாயில் சோற்றை வைத்ததும், "உப்பு கம்மி," என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பழக்கம். சுவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன அண்ணாச்சி?"

"உப்பு கம்மி."

"கூட்டமா இருக்கு அண்ணாச்சி, பொறவு பேசுதேன்," என்று வைத்துவிட்டாள். பிறகு பேசவில்லை. நேரம் இருந்திருக்காது. கடை நடத்துகிறவளுக்கு நேரம் இருக்கக் கூடாது, இருந்தால் கடை ஓடவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா?

மறுநாள் பொட்டலத்தைப் பிரித்தேன். சோற்றுக்கும் மீனுக்கும் பக்கத்தில், வாழை இலைத் துண்டில் நூல் சுற்றிய சின்ன மடிப்பு ஒன்று இருந்தது. பிரித்தால், கல் உப்பு.

மீனை உப்பில்லாத மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு தின்றேன். அந்த உப்பு மடிப்பைப் பீரோவில் வைக்கவில்லை. அது மூடிய கடைச் சாமான்கள் இருக்கிற இடம். ஜன்னல் கட்டையில், கை எட்டுகிற இடத்தில் வைத்தேன். மறுநாளும் ஒன்று வந்தது. அதற்கு மறுநாளும். இப்போது ஜன்னல் கட்டை நிறைய இருக்கிறது. நான் இன்னும் போன் போட்டு உப்பு கம்மி என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவளும், பொறவு பேசுதேன் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.